ஃபிளெக்ஸில் சிரித்த டாக்டர்

திண்டுக்கல்லில் பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தால் தலைவி பதவிக்குத் தன்னை எதிர்த்து யாரும் நிற்க முடியாது என்று கனகா சிஸ்டர் சொல்வாள். போட்டியின்றி ஜெயித்துவிட்டு, பதவியேற்பு மேடையில் மைக்கைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவேன் என்பதையும் சேர்த்தே சொல்வாள். பல்லி சத்தம் போட்டால் அவளுக்கு அந்த அறையில் வேலை இருக்காது. லிஃப்ட்டில் தனியாக ஏற மாட்டாள். டாக்டர் ஆண்டனிராஜின் நர்சிங் ஹோமில் பல வருடங்களாக ஊரார் உடம்பிலெல்லாம் ஊசி குத்துகிறவள், தனக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் பழனி முருகனை வாய்விட்டுக் கூப்பிடுவாள்.

இப்படிப்பட்டவள் ஒரு போர்க்குற்ற வழக்கில், கடல் கடந்த நீதிபதிகளுக்கு முன்னால், ஒரு டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். இதில் தன் துணிச்சலுக்குப் பங்கில்லை, எல்லாப் புகழும் தம்பியின் ஃபிளெக்ஸ் கடைக்கே என்பாள்.

வடமதுரைக்குப் பக்கத்தில் தக்காளியும் வெண்டையும் போடுகிற வெள்ளாமைக் குடும்பம் அவளுடையது. நர்சிங் டிப்ளமோ முடித்துச் சில ஆஸ்பத்திரிகளில் ஒண்டிக்கொண்டிருந்தபோது, ஒரு ஏஜென்ட் வந்து பாலைவனத்தை ஒட்டிய ஒரு நாட்டில் வேலை இருக்கிறது என்றான். ராணுவ மருத்துவமனை. ராணுவம் என்ற சொல்லே அவளுக்குப் பயம். ஆனால் அவ்வளவு தூரம் வெயிலில் வந்த மனிதரிடம் "போகமாட்டேன்" என்று சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது. அதனால் போனாள். அவள் வாழ்க்கையில் வீரமாகத் தெரிகிற காரியங்கள் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் இதுதான்: மறுக்கப் பயம்.

முதல் இரண்டு வருடங்கள் ஒன்றுமில்லை. படைவீரர்களின் கால் முறிவு, குடல்வால், வயிற்றுப்போக்கு. அங்கே எலும்பு டாக்டராக இருந்தவர் பெயர் நாசிம். உயரமானவர், சிரித்த முகம். நர்சுகளின் பிறந்தநாளை நினைவு வைத்துப் பேரீச்சம்பழம் கொடுப்பார். கனகாவைப் பார்த்தால் கையைக் கூப்பி "வணக்கம்" என்பார். திண்டுக்கல்லில்கூட எந்த டாக்டரும் அவளுக்கு முதலில் வணக்கம் சொன்னது கிடையாது. அவரைப் பிடிக்காத நர்சு அந்தக் கட்டடத்தில் ஒருத்திகூட இல்லை.

பிறகு அந்த நாட்டில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், ராணுவம் சுட்டது, கலவரம் போராக மாறியது. மருத்துவமனையின் மேல்மாடியைப் பூட்டி வாசலில் காவல் போட்டார்கள். காயம்பட்ட கைதிகளைக் கண்ணைக் கட்டி அங்கே கொண்டுவந்தார்கள். கட்டிலோடு சங்கிலி. பெயர் கிடையாது, எண் மட்டும். மேல்மாடிக்கு வரமாட்டோம் என்று மற்ற நர்சுகள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். கனகாவுக்குக் காரணம் சொல்லப் பயம். அதனால் அவள் போனாள்.

அங்கே பார்த்ததை அவள் ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சண்டை முற்றி வெளிநாட்டினர் எல்லாம் கிளம்பியபோது, அவளுடைய விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததும், வழியெங்கும் துப்பாக்கியோடு நின்ற காவலர்களைக் கடந்து தன் சொந்தக் காரில் விமான நிலையம்வரை கொண்டுவந்து விட்டதும் டாக்டர் நாசிம்தான். அதைச் சொன்னாள். அதை மட்டும் சொன்னாள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வருடமே கருப்புசாமிக்கு வாழ்க்கைப்பட்டாள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லுக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ்ஸின் ஓட்டுநர் அவன். மகள் தீபா பிறந்தாள். தீபாவுக்குக் காது குத்தியபோதுதான் வினை வந்தது.

தாய்மாமன் வீரப்பன் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கே ஆளுயரத் தலைகளாக அடித்துத் தள்ளுகிறவன், சொந்த அக்கா மகள் காதணி விழாவுக்குச் சும்மா இருப்பானா? மண்டப வாசலை மறைத்து நின்றது பேனர். நடுவில் கிரீடம் வைத்த தீபா. கீழே மாமன், மச்சான், பங்காளிகள், செல்போனைக் காதில் வைத்தபடி. இடது மேல்மூலையில் அரிவாளோடு கருப்பணசாமி. வலது மேல்மூலையில், அதே அளவில், தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு, ஸ்டெதாஸ்கோப் மாட்டிய டாக்டர் நாசிம். 'எங்கள் குலவிளக்கைக் காத்துத் தந்த கண்கண்ட தெய்வமே!'

மண்டபத்துக்கு வந்த கனகா வாசலிலேயே தம்பியைப் பிடித்து நிறுத்தினாள். "டேய் வீரா, இந்தப் படம் எங்கடா கிடைச்சுச்சு?"

"உன் பழைய போன்ல இருந்துச்சுக்கா. முகத்த மட்டும் வெட்டி, கோட்டு நம்ம கடையில மாட்டிவிட்டது. சூப்பரா இருக்குல்ல?"

"கழட்டுடா."

"ஏன்க்கா? சாமிக்குச் சமமா வச்சதுக்கா? கருப்பணசாமி கோவிச்சுக்கிறாது. அந்த மனுசன் இல்லாட்டி நீ ஏது, இந்தக் கழுத ஏது, எனக்கு மாமன் முறைதான் ஏது?"

விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். கனகா பட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு பேனரின் முன்னால் நின்று போட்டோவுக்குச் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். அந்தப் படத்தை வீரப்பன் ஃபேஸ்புக்கில் போட்டான். வெளிநாட்டு லைக் வரட்டும் என்று டாக்டர் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் இங்கிலீஷில் வேறு எழுதிவைத்தான்.

நான்கு வருடங்கள் கழித்து ஒரு நாள், டியூட்டி முடிந்து வந்து கனகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, ஏதோ நீளமான நம்பரிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. ஒரு ஆண் குரல், "அம்மா, நான் ஒரு அரச வழக்கறிஞருக்காகக் கதைக்கிறன், நீங்கள் ஒரு நீதிமன்ற வழக்கிலை..." என்றது. அவள் உடனே வைத்துவிட்டாள். கோர்ட், போலீஸ் என்று வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, வீட்டிலேயே கைது என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிறவர்களைப் பற்றி அந்த வாரம்தான் நர்சிங் ஹோமில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மறுபடி அடித்தது. கருப்புசாமி போனைப் பிடுங்கினான்.

"ஏலே, யாருகிட்ட? என் பொண்டாட்டிய டிஜிட்டல் அரெஸ்ட்டு பண்ணுவியா? வேடசந்தூருக்கு வாடா. வந்து என் பஸ்ஸுக்கு முன்னாடி செத்த நேரம் நில்லு. நான் பண்றேன்டா உன்னைய அரெஸ்ட்டு." தொடர்ந்து சொன்னவை அச்சில் ஏறாது.

அந்தக் குரல் பொறுமையாக இருந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது, "ஐயா, டாக்டர் நாசிமைப் பற்றி" என்று ஒரே வரியில் ஆரம்பித்தது. கனகா கீரையைக் கீழே வைத்தாள்.

அழைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐரோப்பாவில் மொழிபெயர்ப்பாளர். வீடியோவுக்கு மாறியதும், அவர் பக்கத்தில் ஒரு பெண் அரசு வழக்கறிஞர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. "உங்கட கணவர் சொன்னது எதையும் நான் மொழிபெயர்க்கேல்லை," என்றார் மொழிபெயர்ப்பாளர். "என்ன சொல்லுறார் எண்டு இவ கேட்டவ. யோசிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன்."

விஷயம் இதுதான். போருக்குப் பின் டாக்டர் நாசிம் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டராகவே வேலை பார்த்து வந்தார். மேல்மாடியில் கிடந்து உயிர் தப்பிய ஒருவன் அகதியாக அதே ஊருக்கு வந்திருந்தான். கை முறிந்து அந்த ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தவன், திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட குரலை அடையாளம் கண்டு அலறினான். வழக்கு வந்தது. தான் மேல்மாடிக்குப் போனதே இல்லை என்றார் டாக்டர். சாட்சி சொல்ல முன்வந்தவர்கள் எல்லோரும் அங்கே கண் கட்டப்பட்டுக் கிடந்தவர்கள். குரலைக் கேட்டவர்கள் உண்டு, கையை உணர்ந்தவர்கள் உண்டு, முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை. அங்கே கண் கட்டாமல் இருந்தவர்களைத் தேடியபோதுதான், கூகுளில் டாக்டரின் பெயரோடு தீபாவின் காதணி விழா வந்து நின்றது.

"டாக்டரையெல்லாம் கோர்ட்டுல ஏத்த முடியுமாங்க?" என்று கனகா கேட்டாள். அவள் உண்மையாகவே கேட்டாள். அவள் அறிந்த உலகத்தில் டாக்டர் வந்தால் எழுந்து நிற்பார்கள், கையில் இருப்பதை வாங்கிக்கொள்வார்கள். தப்பு நடந்தால் அது நர்சின் தப்பு.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் வழக்கறிஞர் சிரிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூரம்பெர்க் என்ற ஊரில், முகாம்களில் கைதிகளை எலிகளைப் போல வைத்துச் சோதனை செய்த டாக்டர்களைக் கூண்டில் ஏற்றியதையும், சிலரைத் தூக்கிலிட்டதையும் சொன்னார். ஒருவன் சம்மதிக்காமல் அவன் உடம்பில் சோதனை செய்யக் கூடாது என்று அந்தத் தீர்ப்பில் எழுதிவைத்தார்கள் என்றார். அந்தக் கூண்டில் நின்றவர்கள் பெரிய பட்டம் வாங்கியவர்கள், நல்ல குடும்பத்துக்காரர்கள், பலரும் மரியாதையாகச் சிரிக்கத் தெரிந்தவர்கள். சிரிப்பு என்றதும் கனகா நிமிர்ந்து பார்த்தாள்.

"யூனுஸ் எண்ட பெடியனை உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" என்றார் மொழிபெயர்ப்பாளர். "அவன்ரை தாய் இங்கை இருக்கிறா. காயத்திலை கிருமி பிடிச்சுச் செத்தான் எண்டு ஆஸ்பத்திரிப் பதிவு சொல்லுது. அவ நம்பேல்லை. நீங்கள் கதைக்காட்டி டாக்டர் வெளியிலை வந்திடுவார். திரும்பவும் வேலைக்குப் போவார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிப்பதற்குள் வீரப்பன் வந்துவிட்டான்.

"நன்றி கெட்ட வேலைக்கா இது. உசுரக் காப்பாத்துன மனுசன நீயே உள்ள தள்ளுவியா? ஊர்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கடை நடத்த? சாமி பக்கத்துல வச்சேனே!"

"உன்னைய யாருடா வைக்கச் சொன்னா?"

"நீதானக்கா தங்கமான மனுசன்னு சொன்ன? பாதியச் சொல்லிப்புட்டு பாதிய முழுங்கினா எனக்கு எப்புடித் தெரியும்?"

அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் கனகாவுக்குத் தொந்தரவாக இருந்தது. தம்பி ஜென்மத்தில் ஒரு தடவை நியாயமாகப் பேசுகிறான், அது இந்த நேரத்திலா பேச வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கருப்புசாமி பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். கனகா உள்ளே ஏறி, மில் பெண்கள் உட்காரும் முன் சீட்டில் உட்கார்ந்து, மேல்மாடியில் நடந்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அவன் கையில் ஈரத் துணியோடு கேட்டான்.

"நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"தட்டப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் அழுதுவிடலாம், அழுதால் சோலி முடிந்தது. அவன் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டான்.

"போய்ச் சொல்லிட்டு வா. வீரா மாப்ளகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பயமா இருக்குங்க."

"பல்லிக்கே பயப்படுறவ. பயமா இல்லைன்னு சொல்லியிருந்தாத்தான் நான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

இரண்டு நாட்டு அரசுகளும் மாறி மாறிக் கடிதம் எழுதி முடிக்க ஒரு வருடம் ஆனது. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்திலேயே, வீடியோ வசதி உள்ள ஒரு அறையில் உட்கார்ந்து சாட்சி சொல்ல ஏற்பாடானது. வெள்ளைக்கார ஊருக்குப் போய் மயங்கி விழ வேண்டியதில்லை, சொந்த ஊரிலேயே விழலாம் என்பதில் கனகாவுக்கு ஒரு நிம்மதி. மயங்கினால் தெளியவைக்க அவளே ஸ்பிரிட் நனைத்த பஞ்சை டப்பாவில் எடுத்துக்கொண்டாள். அறையின் ஏசி சத்தம் போட்டது. பெஞ்ச் கிளார்க் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே வராண்டாவில் கருப்புசாமியும், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்த வீரப்பனும்.

திரை தெளிந்தது. கறுப்பு அங்கியில் நீதிபதிகள். ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டாக்டர் நாசிம், கொஞ்சம் நரைத்து. அவளைப் பார்த்ததும் அவர் கையைக் கூப்பினார். கனகாவின் கைகள் தாமாகவே கூப்பப் பாதி மேலே வந்துவிட்டன. அந்தக் கைகளை மடியில் இறக்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து உட்கார்ந்துகொண்டாள். அன்று அவள் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான் என்று இன்றும் சொல்கிறாள்.

நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். இடது தொடையில் குண்டு பாய்ந்து எலும்பு முறிந்த பையன், பெயர் யூனுஸ். அவனுக்கான மயக்க மருந்தை அவள்தான் ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்திருந்தாள். டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார், மறுபடி தட்டிலேயே வைத்தார். "இது மனிதர்களுக்கானது" என்றார். பிறகு அந்தக் காலை இழுத்துத் திருகினார். சரியாகப் பொருந்தியதை மறுபடி கழற்றித் திருகினார். சிரித்த முகம் மாறவேயில்லை. பையன் "யும்மா, யும்மா" என்று கத்தினான். கனகாவின் ஊரிலும் வலித்தால் ஏறக்குறைய அப்படித்தான் கத்துவார்கள். மறுநாள் கட்டில் காலியாக இருந்தது.

"அதுக்குப் பிறகு டாக்டர் உங்களோடை ஏதும் கதைச்சவரோ?"

"கதைச்சாருங்க. முகம் வெளுத்திருக்கு, சாப்பிடலையான்னு கேட்டு எனக்கு டீ சொல்லிவிட்டாரு."

"நீங்கள்?"

கனகா மேசையைப் பார்த்தாள். "குடிச்சேன்."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். அவர் எதையும் கேட்காமல் முதலில் ஒரு படத்தைத் திரையில் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றத்தின் பெரிய திரை முழுக்க வீரப்பனின் கைவண்ணம் விரிந்தது. கிரீடம் வைத்த தீபா, காதில் செல்போனோடு பங்காளிகள், ஒளிவட்டத்தில் டாக்டர், முன்னால் பச்சைப் பட்டில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கனகா. பூமி பிளந்தால் பஞ்சு டப்பாவோடு உள்ளே போய்விடலாம் என்று அவளுக்கு இருந்தது.

"இது என்ன எண்டு கோட்டுக்கு விளங்கப்படுத்தட்டாம்."

"எம் மகளுக்குக் காது குத்துனதுங்க. தாய்மாமன் ஃபிளெக்ஸ் வச்சான்."

மொழிபெயர்ப்பாளர் நெடுநேரம் பேசினார். நடுவில் இருந்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இடது மூலையைக் காட்டினார். "அரிவாளோடை நிக்கிற இவர் ஆர் எண்டு கேக்கிறார். இவரும் ஆஸ்பத்திரியிலை வேலை செய்தவரோ?"

"ஐயையோ, அவரு எங்க குலசாமிங்க. கருப்பணசாமி."

"இவரையும் விசாரிக்க ஏலுமோ எண்டு..." மொழிபெயர்ப்பாளர் நிறுத்தி, நீதிபதியிடம் திரும்பி ஏதோ சொல்ல, அவர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மட்டும் அசரவில்லை. கடவுளுக்குச் சமமாக வைத்து ஊரறிய நன்றி சொல்லியிருக்கிறீர்கள். இப்போது கொடூரன் என்கிறீர்கள். அன்று பொய்யா, இன்று பொய்யா?

கனகா வராண்டாப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

"ரெண்டும் பொய் இல்லைங்க. என்னைய அவரு காப்பாத்துனாரு. அது நெசம். அந்தப் பையன் கால அவரு திருகுனாரு. அதுவும் நெசம். எனக்கு ஒரு நெசந்தான் வெளிய சொல்ல வாய் வந்துச்சு. எந்தம்பி அதத்தான் ஃபிளெக்ஸா அடிச்சுப்புட்டான். நான் முழுசாச் சொல்லியிருந்தா அவன் கருப்பணசாமிய மட்டும் வச்சு முடிச்சிருப்பான்."

சரி, அந்த மாடியில் கைதிகளுக்குப் பெயரே இல்லையே, எண்தானே, என்றார் வழக்கறிஞர். யூனுஸ் என்ற பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்? அரசுத் தரப்பு சொல்லிக் கொடுத்ததா?

"நாந்தான் கேட்டேன்."

"கேக்கக் கூடாது எண்டு உத்தரவு இருந்ததெல்லோ?"

"இருந்துச்சுங்க. ஆனா ஊசி குத்தணும்னா நான் கேட்டுத்தான் ஆகணும். எம் பழக்கம் அது. நரம்பத் தேடும்போது பேர் என்ன, ஊர் என்ன, என்ன வெஞ்சனம்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். பதில் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே குத்தி எடுத்துருவேன். அவங்களுக்கு வலி தெரியாது. எனக்கும் பயம் தெரியாது."

"வெஞ்சனம் எண்டால் என்ன?"

"சோத்துக்குத் தொட்டுக்கிறதுங்க. குழம்பு, கூட்டு, பொரியல், எதுனாலும்."

நடு நீதிபதி குறுக்கிட்டார். அந்தக் கேள்வியையும் யூனுஸிடம் கேட்டீர்களா என்றார். அரைகுறையாகப் படித்த அந்த ஊர்ப் பாஷையில் கேட்டதாகச் சொன்னாள். கண் கட்டியிருந்தவன் பெண் குரலைக் கேட்டதும் தலையை அவள் பக்கம் திருப்பினான்.

"என்ன பதில் சொன்னவன்?"

"பாமியான்னான். நம்ம வெண்டைக்காய்ங்க. அங்க தக்காளி போட்டு, பூண்ட அள்ளிப் போட்டுக் குழம்பாட்டம் வைப்பாங்க. எங்க தோட்டத்துலயும் வெண்டைக்காய்தான்னு சொன்னேன். அவனுக்குப் புரியல போல. எங்கம்மா வச்சது, பாதித் தட்டுல இருக்கும்போதே வந்து புடிச்சுட்டாங்கன்னு சொன்னான். அதுக்குள்ள நான் குத்தி எடுத்துட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அவர் முடிப்பதற்குள் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலையில் துணி போட்ட ஒரு அம்மாள் எழுந்து நின்றிருந்தாள். நீதிபதி ஒரு கோப்பைத் திறந்து பக்கம் தேடினார். பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். மகனைப் பிடித்துக்கொண்டு போன மத்தியானத்தைப் பற்றி அந்தத் தாய் முன்பே நீதிபதிகளிடம் மூடிய அறையில் சொல்லியிருந்தாள். பாதி சாப்பிட்ட தட்டு, வெண்டைக்காய், எல்லாவற்றையும். அது வெளியே யாருக்கும் தெரியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திரையில் இருந்த ஃபிளெக்ஸை அணைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் நாசிம் முதல்முறையாகச் சிரிக்காமல் இருந்தார். அந்த முகத்தைக் கனகா அதுவரை பார்த்ததேயில்லை.

சாட்சியம் முடிந்தது என்று நீதிபதி அறிவித்த பிறகு, அந்த அம்மாள் ஒன்று கேட்க அனுமதி கேட்டாள்.

"மகனுக்குப் பூண்டு பிடிக்காதாம். தான் எப்பவும் கூடப் போட்டிடுவாவாம். அதைப் பற்றி ஏதும் குறை சொன்னவனோ எண்டு கேக்கிறா."

கனகா அந்த முகத்தைப் பார்த்தாள். "இல்லைங்கம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னான்."

அன்று அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். சத்தியம் செய்த கணக்கு அதற்குள் முடிந்துவிட்டது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறாள்.

வெளியே வந்ததும் பஞ்சு டப்பா வீரப்பனுக்குத்தான் தேவைப்பட்டது. கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவன் வராண்டாச் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தான். "என் கையாலேயே ஒளிவட்டம் போட்டேனேக்கா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கருப்புசாமி அவனைத் தூக்கிப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப் போனான். கனகா டீ வேண்டாம் என்றாள்.

சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை, இனி எங்கும் வைத்தியம் செய்யக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் போன் செய்து சொன்னார். நர்சிங் ஹோம் முழுக்கச் செய்தி பரவியது. அலட்டிக்கொள்ளாதவர்போல் இருந்தார் டாக்டர் ஆண்டனிராஜ். கெட்ட மனிதரில்லை, கைராசிக்காரர். கூட்டம் அதிகம், பொறுமை குறைவு. அவ்வளவுதான்.

அந்த வாரமே வேடசந்தூர் மில்லிலிருந்து தனுஷ் என்ற இளைஞனைக் கூட்டிவந்தார்கள். மிஷினில் விரல் கிழிந்திருந்தது. டாக்டர் பார்த்தார். "ரெண்டு தையல்தானப்பா. மரத்துப்போற ஊசியெல்லாம் எதுக்கு? பல்லக் கடிச்சுக்க." வழக்கமாகச் சொல்வதுதான். சின்னத் தையல் என்றால் அங்கே எப்போதும் அப்படித்தான். கனகாவும் எத்தனையோ முறை கேட்டு, எத்தனையோ தையலுக்குத் தட்டைப் பிடித்திருக்கிறாள்.

டாக்டர் கையை நீட்டினார். தையல் ஊசி வரவில்லை.

"டாக்டர், மரத்துப்போற ஊசி போட்டுறலாமே," என்றாள் கனகா. அவளுக்கே காதில் விழாத குரல்.

"என்ன?"

கடல் தாண்டியிருந்த நீதிபதிகளிடம் வராத பயம், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஆண்டனிராஜின் முன்னால் வந்தது. தட்டில் சாமான்கள் கிணுகிணுத்தன.

"மரத்துப்போற ஊசி. போட்டுறலாம்னு."

டாக்டர் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "என்ன சிஸ்டர், என்னையும் கூண்டுல ஏத்திவிட்டுருவீங்க போலயே," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி, ஏத்துங்க. ஊசியச் சொன்னேன்."

கனகா மருந்தை ஏற்றிக் கொடுத்தாள். விரல் நுனி. மருந்து இறங்க இறங்க அது எரியும். தனுஷ் கட்டிலிலிருந்து ஒரு முழம் எம்பி, மருத்துவத் துறையையே பரம்பரையோடு திட்டினான். தையல் போட்டதே அவனுக்குத் தெரியவில்லை. எல்லாம் முடிந்து, கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணியோடு அவளைப் பார்த்தான்.

"ஏன் சிஸ்டர், டாக்டரு பாட்டுக்குச் சும்மா தச்சுவிட்டுருப்பாரு. நீங்க ஏன் நடுவுல புகுந்து என்னையப் பாடாப் படுத்துறீங்க?"